மானிட்டர் வாங்கக் கூட்டிப்போன மணப்பெண்

போன வாரம் நித்யா போன் செய்தாள். சேலத்தில் நான் வேலை பார்த்த அச்சகத்தில், என் நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். "அக்கா, உங்க மானிட்டர் போயிருச்சு," என்றாள். துக்கச் செய்தி சொல்கிறவள் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "காலையில ஆன் பண்ணுனேன். ஒரு கோடு வந்துச்சு, அப்புறம் மொத்தமா இருட்டு. புதுசு வாங்கணும். எது வாங்கறதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஒரு வார்த்தையாம். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து தையல் வகுப்பு, கோவில் பாடகர் குழு, மாடியில் தக்காளிச் செடி என்று எதையெதையோ செய்து பார்த்தேன். இந்த ஒரு போன் வந்ததும் கால் தரையில் நிற்கவில்லை. மானிட்டர் வாங்கப் போகிறார்கள். நான் இல்லாமல் போய்விடுவார்களா, பார்த்துவிடுகிறேன்.

"கடைக்கு நானும் வரேன்," என்றேன்.

"எதுக்குக்கா சிரமம்? மாடல் நம்பர் சொன்னாப் போதும்."

"மாடல் நம்பர் எனக்கெங்கே தெரியும்? ஆளைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பாத்துதான் வாங்கணும்."

"எந்த ஆளை?" என்றாள். அவளுக்கு அந்தக் கதை தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனிலேயே பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். எனக்குப் பிரிவு உபசாரம் நடந்த அன்று அச்சகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து என் படத்தைப் பெரிதாகப் போட்டு, ஃப்ரேம் செய்து கொடுத்தார்கள். படத்தைத் தயார் செய்தவள் நித்யா. பாசமாகத்தான் செய்தாள். அதில் இருக்கிற ஸ்டெல்லா நல்ல சிவப்பு. அசல் ஸ்டெல்லா, அதாவது நான், நல்ல கறுப்பு. அதைச் சுவரில் மாட்ட மனசு வராமல் பீரோவுக்கு மேலே சாய்த்து வைத்திருக்கிறேன்.

என் தொழில் கல்வி பெரிய கதை இல்லை. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்தேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொட்டை மாடிக் கொட்டகையில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கக் கற்றேன். கல்யாணப் பத்திரிகை, ஜவ்வரிசிப் பை, நோட்டீஸ், கோழித் தீவன மூட்டைக்கு லேபிள் என்று கைக்கு வந்ததையெல்லாம் செய்தேன். நிறம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போன தாள்களைப் பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலாளி திருச்செங்கோட்டுக்காரர். மெஷின்மேனாக வேலைக்கு வந்து, பங்குதாரராகி, கடைசியில் முதலாளி ஆனவர். முதலாளி ஆன பிறகும் முக்கியமான வேலை ஓடும்போது மெஷின் பக்கத்தில் அவர்தான் நிற்பார். முதல் தாள் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். டியூப்லைட்டில் எதையும் பார்க்க மாட்டார், நேர் வெயிலிலும் பார்க்க மாட்டார். வாசல் நிழலில் நின்று, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தாளை இடுப்பளவுக்குத் தாழ்த்திப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்ப்பார். அந்த நேரத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பிடித்திருந்தால் "ம்" என்பார். பிடிக்காவிட்டால் தாளை இரண்டாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவார். என்ன தப்பு என்று சொல்லவே மாட்டார். அந்த மடிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் மடித்த தாளில் தப்பு இல்லாமல் இருந்ததே இல்லை.

ஆயுத பூஜை வந்தால் அந்த மனிதர் வேறு ஆளாகிவிடுவார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மெஷின், கட்டிங் மெஷின், தராசு, சைக்கிள், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் தன் கையாலேயே துடைப்பார். அச்சகத்தில் எதைத் துடைக்கவும் ஒரே மருந்துதான். பனியன் கம்பெனியில் மிச்சமாகும் துணியை மூட்டை மூட்டையாக வாங்கி வைத்திருப்போம், அதைப் பெட்ரோலில் நனைத்துத் தேய்க்க வேண்டும். மை, எண்ணெய், கறை எதுவானாலும் போய்விடும். துடைத்து முடித்து எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார். என் மானிட்டர் ஓரத்தில் நான் ஒட்டியிருந்த மாதா படத்துக்கும் மரியாதையாக ஒரு பொட்டு வைப்பார். இந்தக் கதை நடந்த வருஷம் உற்சாகம் கூடிப்போய், திரை நடுவிலேயே குழைத்த சந்தனத்தை உள்ளங்கையளவு அப்பினார். நான் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை நான் வந்தபோது முதலாளி என் மேஜைக்குப் பக்கத்தில் பூரித்துப்போய் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மிணி, சந்தனம் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. நீங்க வந்து கஷ்டப்படுவீங்கன்னு நானே பெட்ரோல் போட்டுத் தேச்சு உட்டுட்டனுங்க," என்றார்.

பையைக் கீழே வைக்காமலேயே மானிட்டரைப் பார்த்தேன். ஆன் செய்தேன். திரையில் மேலே பூசியிருந்த மெல்லிய பூச்சு நடுவில் கரைந்து, வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்திருந்தது. எந்தப் படத்தைத் திறந்தாலும் நடுவில் பால் கொட்டினாற்போல் தெரிந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் அன்றைக்கு அவர்களுக்கு நல்ல நாளாக இருந்திருக்காது. முதலாளியை என்ன சொல்வது? அவரும் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"பனி புடிச்ச மாதிரி இருக்குதுங்களே," என்றார் மெதுவாக.

"பனி இல்லைங்கண்ணா, பெட்ரோலு," என்றேன்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கவிதாவும் அவள் அம்மாவும் உள்ளே வந்தார்கள். மல்லசமுத்திரம் பக்கம் காடு வைத்திருக்கிற குடும்பம். கவிதா சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐப்பசியில் கல்யாணம், பத்திரிகை உடனே வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் படம் போட்ட பத்திரிகைதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா ஒரு உறையிலிருந்து ஸ்டுடியோ படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அதில் கவிதாவின் முகத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் கனகாம்பரம் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏனுங்க அக்கா, இதைப் போடாதீங்க," என்றாள் கவிதா. "எம்பட மூஞ்சி என்ன கலரோ அந்தக் கலர்லயே வரோணும். அதுக்குத்தான் லீவு போட்டுட்டு நானே நேர்ல வந்தனுங்க."

"அவ கெடக்கறா. நீங்க பளிச்சுன்னே போடுங்க சாமி," என்றார் அம்மா.

கவிதா உட்கார்ந்தாள். அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினாள். முன்பு வந்த இரண்டு வரன்களும் அந்த ஸ்டுடியோ படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்களாம். காப்பி குடித்தார்கள். பெண்ணைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவே இல்லை. இந்த மாப்பிள்ளை செந்தில், ஜேடர்பாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். தன் அப்பாவை அவள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது கவிதாவைப் பார்த்து, அவரே பெண் கேட்டு வந்தவர்.

"அவரு என்னையப் பாத்துக் கேட்டாருங்க, போட்டோவப் பாத்து இல்ல. ஆனா அவிங்க சொந்தத்துல பாதிப் பேரு என்னையப் பாத்ததில்லைங்க. கார்டுல ஒரு நெறம், மேடையில ஒரு நெறமுன்னு அன்னைக்கு ஒருத்தி குசுகுசுன்னு பேசுனாலும் எனக்குத் தாங்காதுங்க அக்கா. ரெண்டு தடவ அந்தப் பார்வையப் பாத்துட்டேன்."

அந்தப் பார்வையை நானும் பார்த்தவள். ஆனால் அவள் கேட்டது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்குத் தெரியாது. முகம் என்றால் வெளுக்க வேண்டும், அதுதான் எங்கள் தொழிலின் பழக்கம். ஸ்டுடியோவில் ஒரு தடவை வெளுப்பார்கள். டிசைன் செய்கிறவர் ஒரு தடவை வெளுப்பார். மெஷினில் கறுப்பு மையைக் குறைத்து மூன்றாம் தடவையும் வெளுப்பார்கள். வாடிக்கையாளர் கேட்க வேண்டியதே இல்லை. கேட்காமல் செய்வதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உள்ளபடி போடச் சொல்லி யாரும் அதுவரை வந்ததில்லை. அப்படி ஒருத்தி வந்த நாளில் பார்த்து என் திரையில் பால் கொட்டிக் கிடக்கிறது.

"இந்தத் திரையில இந்த வேலையச் செய்ய முடியாதுங்கண்ணா," என்றேன்.

முதலாளி குற்றம் செய்த முகத்தோடு சாவியை எடுத்தார். "உடுங்க அம்மிணி. இப்பவே போயி புதுசு வாங்கிட்டு வந்தர்லாம். ஃபேர்லேண்ட்ஸ்ல பெரிய கடை தெறந்திருக்கறாங்க."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கவிதாவை அச்சக வாசல் நிழலில், முதலாளி தாள் பார்க்கும் அதே இடத்தில் நிறுத்தி, எங்கள் கேமராவில் ஒரு படம் எடுத்தேன். பவுடர் துடைத்த முகம், காதில் சின்னத் தோடு. ஒரு திருத்தமும் செய்யாமல் அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். "கவிதா, நீயும் வண்டியில ஏறு," என்றேன்.

"நான் எதுக்குங்க?"

"நீ இல்லாம நான் எதை வெச்சு மானிட்டரைப் பாக்கறது?"

முதலாளியின் ஆம்னி வேனில் நாலு பேரும் போனோம். கடையில் ஒரு சுவர் முழுக்க மானிட்டர்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் ஒரே பஞ்சவர்ணக்கிளி பறந்தது. அருவி கொட்டியது. முதலாளி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இருப்பதிலேயே பெரியதாய், கண்ணாடி மாதிரி மின்னியதன் முன்னால் போய் அவர் கால் நின்றுவிட்டது.

"இதையே எடுத்தர்லாமுங்க அம்மிணி. கிளி கைக்கு வர்ற மாதிரி இருக்குது."

"நம்ம கிட்ட கிளி யாரும் அச்சடிக்க வரலைங்கண்ணா," என்றேன். விற்பனைக்கு நின்ற பையன் சிரித்துவிட்டான். நல்ல பையன். என் பென் டிரைவை வாங்கி, எல்லா மானிட்டருக்கும் கிளிப் படத்தை அனுப்பிக்கொண்டிருந்த பெட்டியில் செருகினான். அந்தச் சுவர் முழுவதும் கவிதா வந்து நின்றாள்.

இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. ஒரே படம்தான். ஆனால் எந்த ஒரு கவிதாவும் இன்னொரு கவிதாவைப் போல் இல்லை. ஒன்றில் ரோஜா நிறம், ஒன்றில் நீலம் பாய்ந்து காய்ச்சல்காரி, ஒன்றில் மஞ்சள் குளித்தவள். முதலாளி ஆசைப்பட்ட பெரியதில் அவள் பளபளவென்று எலுமிச்சை நிறத்தில் ஜொலித்தாள். கடையில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். கவிதா முதலில் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடினாள், பிறகு வரிசையைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பு தாங்காமல் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அம்மா நேராக அந்தப் பெரிய மானிட்டரிடம் போனார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதையே வாங்குங்க சாமி. எம்புள்ள இதுல மகாலட்சுமியாட்டம் இருக்குது," என்றார்.

"ஏம்மா, அந்த டிவிக்கா கல்யாணம்?" என்றாள் கவிதா. கடையே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். மகள் அப்படிப் பிறந்திருந்தால் அந்த இரண்டு வீட்டாரும் சொல்லி அனுப்பியிருப்பார்களே என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எந்தத் தாய்தான் நினைக்க மாட்டாள்?

நான் பையனிடம் முன்பக்க விளக்குகளை அணைக்கச் சொன்னேன். கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்தோம். வாசல் வெளிச்சம் உள்ளே வந்ததும் கவிதாவை ஒவ்வொரு மானிட்டர் பக்கத்திலும் நிறுத்தினேன். நேராகப் பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன். சிலது நேரே பார்த்தால் சரியாக இருக்கும், ஓரமாய் நகர்ந்தால் முகம் வெளுத்துவிடும். "போ, அடுத்தது. போ, அடுத்தது," என்று விரட்டினேன். முதலாளிக்கும் சூடு பிடித்துவிட்டது. அவரும் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

கடைசியில் மூலையில், எல்லாவற்றுக்கும் கீழே, மங்கலாக ஒன்று நின்றது. மினுமினுப்பு இல்லை, தடித்த சட்டம். "அது ஆபீஸுக்குப் போறதுங்க மேடம். பாக்க டல்லா இருக்கும், ஊட்டுக்கு யாரும் கேக்க மாட்டாங்க," என்றான் பையன். கவிதா அதற்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தன் கையைத் திரைமேல் படாமல், முகத்துக்குப் பக்கத்தில் நீட்டி வைத்துப் பார்த்தாள்.

"இதுதானுங்க நானு," என்றாள்.

அம்மாவும் குனிந்தார். திரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். பிறகு மகள் தலையில் கை வைத்து, "ஆமா சாமி. இதுதான் எம்புள்ள," என்றார். முதலாளி அந்தப் பெரிய மானிட்டரை ஒரு தடவை ஏக்கத்தோடு திரும்பிப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்ததைக் கட்டச் சொன்னார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தீர்களா? பாதிதான் முடிந்தது. புதுத் திரையில் பத்திரிகையை அமைத்தேன், முகத்தில் கை வைக்கவில்லை. பிளேட் போட்டாயிற்று, மெஷின் ஓடியது. முதல் தாளைக் கொண்டுவந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். தாளில் கவிதா வெளுத்திருந்தாள். ஃபைலைப் பார்த்தேன், பிளேட்டைப் பார்த்தேன், எல்லாம் சரி. இரண்டாவது தாளும் அப்படியே. மூன்றாவது தாள் வரும்போது சத்தமில்லாமல் போய் முதலாளியின் பின்னால் நின்றேன். மெஷின் சுற்றத் தொடங்கியதும் அவர் வலது கை நகர்ந்து கறுப்பு மையின் திருகைத் தொட்டு, இம்மியளவு குறைத்தது. கண் தாள் மேல் இருந்தது. கை தன்பாட்டுக்குப் போனது.

"அண்ணா," என்றேன், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு.

அவர் தன் கையையே உற்றுப் பார்த்தார். "சத்தியமா நான் பண்ணலீங்க அம்மிணி. மூஞ்சியக் கண்டா அதாப் போகுதுங்க," என்றார்.

"கைய வேட்டியில சொருகிக்குங்க," என்றேன். முதலாளியிடம் அப்படிப் பேசிவிட்டோமே என்று பிறகுதான் திக்கென்றது. ஆனால் மனிதர் நிஜமாகவே கையை இடுப்பில் சொருகிக்கொண்டார். திருகுக்கும் அவருக்கும் நடுவில் நான் நின்றுகொண்டேன். அடுத்த தாள் வந்தது. அதை அவர் வாசலுக்கு எடுத்துப் போகவில்லை. கவிதாவை வரவழைத்து அவள் கையில் கொடுத்தோம். அவள் வாசல் நிழலுக்குப் போய், கன்னத்துக்குப் பக்கத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டினார். தாள் ஓரத்தில் கவிதா கையெழுத்துப் போட்டாள்.

கல்யாணத்துக்கு நானும் முதலாளியும் ஜேடர்பாளையம் போனோம். மண்டப வாசலில் இறங்கியதும் எனக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் எங்கேயோ அடித்த ஃபிளெக்ஸ் போர்டு ஒன்று வாசலை அடைத்து நின்றது. அதில் செந்திலுக்குப் பக்கத்தில் வெண்ணெயில் செய்த கவிதா. நாங்கள் பட்ட பாடெல்லாம் வாசலிலேயே வீணாகிவிட்டதே என்று எனக்கு அழுகை வந்தது.

அந்த நேரம் மாப்பிள்ளை அழைப்பு வந்து சேர்ந்தது. செந்தில் காரிலிருந்து இறங்கி, மாலையோடு போர்டை அண்ணாந்து பார்த்தார்.

"ஏண்டா, இது யாரு?" என்றார் கூட்டாளிகளிடம்.

"நம்ம தங்கச்சிதான் மாப்ளே. சூப்பரா இருக்குதில்ல?"

"எனக்குக் கவிதாவப் பேசியிருக்குது. இந்தப் புள்ளைய எனக்குத் தெரியாதே. கழட்டுங்கடா," என்றார். குரல் உயரவில்லை. ஆனால் போர்டு இறங்கும்வரை அவர் உள்ளே காலடி வைக்கவில்லை. அதைக் குப்புறத் திருப்பிச் சமையல்காரர்கள் வெட்டிய பூசணிக்காய்க்குக் கீழே விரித்தார்கள். செந்தில் சட்டைப் பையிலிருந்து எங்கள் பத்திரிகை ஒன்றை எடுத்து, போர்டு இருந்த மூங்கிலில் செருகிவிட்டு உள்ளே போனார்.

மேடையில் கவிதா வந்து உட்கார்ந்தாள். எங்களுக்கு முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள். அவர்களில் ஒருத்தி கையில் இருந்த பத்திரிகையைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள். நான் முன்னால் சாய்ந்து காது கொடுத்தேன். "புள்ள அப்படியே இருக்குது பாரு," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு விசிறிக்கொண்டாள். அவ்வளவுதான். அந்தச் சாதாரணப் பேச்சுக்குத்தான் நாங்கள் அத்தனை பேரும் அலைந்தோம். பக்கத்தில் திரும்பினேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பத்திரிகையை இடுப்பளவில் பிடித்துச் சாய்த்து, மேடையையும் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்," என்றார்.

அன்று வாங்கிய அந்த மானிட்டர்தான் போன வாரம் போனது. அதற்குப் பிறகு வந்த ஆயுத பூஜைகளில் அதன் திரைக்கு யாரும் பொட்டு வைத்ததில்லை. முதலாளி அதன் காலுக்கு வைப்பார், பெட்ரோல் துணியோடு வருகிறவனை வாசலிலேயே நிறுத்துவார். படம் கொண்டு வருகிறவர்களிடம் "உள்ளபடியா, வெளுத்தா?" என்று நானும் கேட்கத் தொடங்கினேன். நிறையப் பேர் வெளுக்கத்தான் சொன்னார்கள். கேட்டுச் செய்தேன், அந்த வித்தியாசம் எனக்குப் போதும்.

நேற்று நித்யாவோடு கடைக்குப் போனேன். இப்போதெல்லாம் திரைமேல் வைத்து நிறத்தை அளக்க ஒரு கருவி இருக்கிறதாம். "ஆனா வாங்கறதுக்கு முன்னாடி கடையில அதை வெக்க உட மாட்டாங்கக்கா. அதுவரைக்கும் கண்ணுதான்," என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம்.

"யாரு படத்தைப் போடறது? நீங்க சொன்ன கவிதாவத் தேடணுமா?" என்றாள்.

"எதுக்கு? நான் இல்லையா?"

கடை வாசல் நிழலில் நின்றேன். நித்யா போனில் ஒரு படம் எடுத்தாள். அவள் விரல் பழக்கத்தில் வெளிச்சத்தைக் கூட்டப் போனது. என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள். உள்ளே போய்ச் சுவர் முழுக்க என்னைப் போட்டார்கள். நான் வரிசையாக நடந்தேன். ரோஜா நிற ஸ்டெல்லா, நீல ஸ்டெல்லா, எலுமிச்சை ஸ்டெல்லா. இத்தனை வருஷம் ஊரார் முகத்தைப் பார்த்தேனே தவிர, என் முகத்தை நான் இப்படித் தேடிப் போனதே இல்லை. நடுவில் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டேன். கறுப்பு, நல்ல கறுப்பு. கண்ணுக்குக் கீழே எங்கள் அப்பாவுக்கு இருந்த அதே நிழல். அழகாக இருந்தேன். நானே சொல்லிக்கொள்கிறேன், அழகாகத்தான் இருந்தேன்.

"இதைக் கட்டச் சொல்லு," என்றேன்.

நித்யா என் பக்கத்தில் வந்து நின்று, திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள், "நீங்க ரிட்டையர் ஆனப்போ குடுத்தமே, அந்த ஃப்ரேமை நாளைக்குக் கொண்டாங்க. படத்தை மாத்தித் தாரேன்."